கார் பிரேக் பேடும் டிஸ்கும் வீட்டிலேயே மாற்றுவது: குமரி மாவட்டத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள சாதாரணச் சிறு கார்களை மனதில் வைத்தே இந்தப் பதில்கள். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, பேடு அதைக் கவ்வி நிறுத்தும் உராய்வுத் துண்டு, பேடைப் பிடித்து அழுத்தும் பகுதி காலிப்பர். ஸ்பேர் கடைக் கவுன்டரிலும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறோம். பழைய பேடைக் கழற்றிப் புதுசை மாட்டுவது இந்த வேலையில் சின்னப் பங்குதான். கடற்காற்றும் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலமும் உள்ள நம் ஊரில் துருவைச் சுத்தம் செய்யத்தான் அதிக நேரம் பிடிக்கும். பின்னால் வரும் தொல்லைகளில் பாதி, அந்த நேரத்தை மிச்சம் பிடித்ததால் வருபவை.

பேடு தேஞ்சுபோச்சுன்னு வீலக் கழத்தாம எப்படித் தெரியும்?

மூன்று அறிகுறிகள். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மிதிக்கும்போது கீச்சென்று இரும்பு உரசும் சத்தம் வரும். பேடில் இருக்கும் சிறிய எச்சரிக்கைத் தகடு டிஸ்கைத் தொடுகிறது என்று பொருள். கர்ரென்று அரைக்கும் சத்தம் வந்தால் பேடு தீர்ந்து, அதன் இரும்புத் தகடே டிஸ்கை அறுத்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு பேடு மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது.

அலாய் வீல் என்றால் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்க்கலாம். ஆனால் அதில் தெரிவது வெளிப்பக்கப் பேடு மட்டும். உள்பக்கப் பேடு அதைவிட வேகமாகத் தேய்ந்திருக்கலாம், காரணம், காலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின் பற்றிய பதிலில் இருக்கிறது. புதுப் பேடில் உராயும் பகுதி ஏறக்குறைய 10 மி.மீ. கனம் இருக்கும். 3 மி.மீ. ஆகும்போது மாற்றிவிடுங்கள்.

சத்தம் இடது பக்கம்தான் வருது. அந்த ஒரு பக்கம் மட்டும் மாத்தினா போதாதா?

போதாது. பேடானாலும் டிஸ்கானாலும் ஓர் அச்சின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் அழுத்தி மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மழையில் நனைந்த ரோட்டில் இது விளையாட்டில்லை. பேடு செட்டே நான்காகத்தான் வரும்.

டிஸ்கும் சேத்து மாத்தணும்னு கடைக்காரர் சொல்லுதாரு. வியாபாரத்துக்குச் சொல்லுதாரா, உண்மையா?

அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். டிஸ்கின் நடுத் தொப்பியிலோ ஓரத்திலோ குறைந்தபட்சக் கனம் மி.மீ. கணக்கில் பொறித்திருக்கும். துரு மூடியிருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் எழுத்து தெரியும். கனம் அளக்கும் வெர்னியரை நேரே வைத்தால் ஓரத்தில் தேயாமல் நிற்கும் வரம்பு தட்டி, கனம் கூடுதலாகக் காட்டும். அதனால் டிஸ்கின் இரண்டு முகத்திலும் ஒரே மாதிரி நாணயம் ஒவ்வொன்று வைத்து, நாணயத்தோடு சேர்த்து அளந்து, இரண்டு நாணயக் கனத்தைக் கழித்துவிடுங்கள். நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். பொறித்திருக்கும் அளவுக்கு அருகில் வந்துவிட்டால் புதுப் பேடு தேயும் காலம் வரை அது தாங்காது, மாற்றுவதே சரி.

கனம் இருந்தும் கழிக்க வேண்டிய டிஸ்குகள் உண்டு. விரிசல் உள்ளவை, நகம் மாட்டுகிற அளவுக்கு ஆழமான கோடு விழுந்தவை, பேடு படும் முகத்திலேயே துரு அரித்துக் குழி விழுந்தவை. கடைசி வகை குளச்சல், முட்டம், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் பக்கத்து வண்டிகளில் சகஜம். கடற்காற்று பாதி, மீன் வண்டியிலிருந்து ரோட்டில் ஒழுகும் உப்புத்தண்ணீர் பாதி. மழை பெய்த மறுநாள் காலையில் டிஸ்க் முழுக்க ஆரஞ்சு நிறமாகத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். அது மேல் துரு, நாலு மிதியில் போய்விடும்.

லேத்துல கொடுத்து முகம் எடுத்தா ஆகாதா? புதுசு வாங்குத செலவு மிச்சமாகும்லா?

முகம் எடுத்த பிறகும் கனம் குறைந்தபட்ச அளவுக்கு மேலே நிற்குமானால் ஆகும். ஆனால் சிறு கார் டிஸ்க் ஏற்கெனவே மெலிசு. இரண்டு முகத்திலும் அரை மி.மீ. எடுத்தாலே ஒரு மி.மீ. போய்விடும். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடாகும். லேத்தில் டிஸ்கைச் சாய்வாகப் பிடித்துவிட்டால் இல்லாத நடுக்கம் புதிதாக வந்து சேரும். சிறு கார்களுக்குப் புது டிஸ்கே எங்கள் பரிந்துரை.

வீட்டு முற்றத்துல செய்யலாமா? என்னெல்லாம் வேணும்?

தரை சமமாக இருந்தால் செய்யலாம். சரிவில் நிற்கும் வீடுகள்தான் நம் ஊரில் அதிகம். சரிவான முற்றத்தில் வண்டியைத் தூக்கவே கூடாது. செம்மண் தரையில், அதுவும் மழைக்குப் பிறகு, ஜாக்கி இறங்கிவிடும். அடியில் ஒன்றரை அங்குலக் கனத்துக்கு அகலமான பலகை போடுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கியதும் ஸ்டாண்டு கொடுத்து அதன் மேல் இறக்க வேண்டும். ஹாலோ பிளாக், செங்கல், வெட்டுக்கல் எதையும் ஸ்டாண்டுக்குப் பதிலாக வைக்காதீர்கள். பாரம் தாங்கிக்கொண்டே இருந்து திடீரென நொறுங்கும். கழற்றிய வீலைக் கதவுக்குக் கீழே படுக்கப் போட்டுவையுங்கள், அது இன்னொரு காவல்.

கருவிகள்: வீல் ஸ்பேனர், 12, 14, 17, 19 அளவு சாக்கெட், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச், பெரிய சி கிளாம்ப், கம்பி பிரஷ், சிறிய தட்டையான அரம், கட்டுக்கம்பி, சுத்தியல். சாமான்கள்: பேடு செட், ஒரு ஜோடி டிஸ்க், பேடு உட்காரும் புதுக் கிளிப்புகள், பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ், பிரேக் கிளீனர் ஸ்பிரே. பேடு வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் ஆர்சி புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரையும் கொடுங்கள். ஒரே பெயர் வண்டிக்குள் வருஷத்துக்கு வருஷம் பேடு மாறும். வண்டிக் கம்பெனியின் அசல் பேடு, அல்லது டிவிஎஸ் கர்லிங், ரானே, பாஷ் மாதிரி தெரிந்த பெயராகப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

படிப்படியா சொல்லுங்க, முதல்ல எதைக் கழத்தணும்?

ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டை அரைச் சுற்று தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். வீலைக் கழற்றியதும் ஸ்டீரிங்கை அந்தப் பக்கம் திருப்பினால் காலிப்பரின் பின்பக்கம் கைக்கு எட்டும். அங்கே ஸ்லைடு பின் போல்ட் என்ற இரண்டு சிறிய போல்ட் இருக்கும். அவற்றைக் கழற்றினால் காலிப்பர் வெளியே வரும். அதை, பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸில் தொங்க விடாதீர்கள், சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கம்பி போட்டுக் கட்டுங்கள். தொங்கினால் ஹோஸ் உள்ளே கிழியும், வெளியே பார்த்தால் தெரியாது. பேடுகளை எடுக்குமுன் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். எச்சரிக்கைத் தகடு உள்ள பேடு எந்தப் பக்கம், எந்த முனை மேலே என்பது பிறகு மறந்துபோகும். இதே காரணத்தால் இரண்டு வீலையும் ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டாம். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொட்டால் சந்தேகத்துக்கு மறுபக்கம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

டிஸ்க் மாற்றுவதானால் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் இரண்டு பெரிய போல்ட்டையும் எடுக்க வேண்டும். பழைய டிஸ்க் வந்ததும் டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷால் பளிச்சென்று ஆகும்வரை தேயுங்கள். துருத்தூள் ஒரு பொட்டு இருந்தாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும். புது டிஸ்கில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் துடையுங்கள், அது இல்லையென்றால் சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியால் உலர்த்துங்கள். மண்ணெண்ணெயோ டீசலோ வேண்டாம், படலம் தங்கிப் பேடில் ஊறும். பழைய தூசியைக் காற்றடித்து ஊதவும் கூடாது. பெயர் தெரியாத பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நனைத்துத் துடைத்து எடுங்கள், முகத்தில் மாஸ்க் இருக்கட்டும்.

பிறகு பிராக்கெட், கிளிப், பேடு, காலிப்பர் என்ற வரிசையில் மாட்டுங்கள். காலிப்பரை மாட்டுமுன், அதற்குள் இருந்து பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே அழுத்திவிட வேண்டும், அந்த முறை பிஸ்டன் பற்றிய பதிலில் இருக்கிறது. போல்ட் இறுக்கம், சிறு கார்களில் பொதுவாக ஸ்லைடு பின் போல்ட்டுக்கு 22 முதல் 35 நியூட்டன் மீட்டர், பிராக்கெட் போல்ட்டுக்கு 80 முதல் 110, வீல் நட்டுக்கு 85 முதல் 110. உங்கள் வண்டிக்கான சரியான எண்ணை அதன் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். வீல் நட்டைக் குறுக்கும் மறுக்குமாக, வண்டியை இறக்கிய பின் கடைசியாக இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை சரிபாருங்கள். இரண்டு பக்கமும் முடிந்ததும், வண்டியை ஓர் அடிகூட நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டியாகும் வரை பிரேக்கை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதி வெறுமனே போகும், வண்டி மதிலில் போய்த்தான் நிற்கும்.

டிஸ்க் ஒட்டிப்பிடிச்சுக் கெடக்கு, அடிச்சாலும் வரமாட்டேங்குது.

முதலில் டிஸ்க் முகத்தில் சிறிய ஸ்குரூ இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் உண்டு. துருப்பிடித்த ஸ்குரூவைச் சாதாரண ஸ்குரூடிரைவரால் திருகினால் தலை வழுகிவிடும். சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும். டிஸ்கின் தொப்பியில் மரை வெட்டிய இரண்டு துளை இருந்தால் அவை கழற்றுவதற்காகவே போட்டவை. பெரும்பாலும் எம் 8 போல்ட் பொருந்தும். இரண்டையும் மாறி மாறிக் கால் சுற்று இறுக்கிக்கொண்டே வந்தால் டிஸ்க் தானாக வெளியே வரும். துளை இல்லையென்றால் ஹப்பைச் சுற்றித் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து அரை மணி நேரம் விட்டு, வீல் நட் ஏறும் ஸ்டட்டுகளுக்கு இடையே தொப்பியில் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். பழைய டிஸ்கைத் திரும்பப் போடுவதானால் பேடு உரசும் முகத்தில் அடிக்காதீர்கள்.

ஸ்லைடு பின்னுக்குச் சாதா வண்டி கிரீஸ் போட்டா என்ன?

ரப்பர் ஊதிவிடும். பிரேக்கில் உள்ள ரப்பருக்கு மினரல் எண்ணெய் ஆகாது. வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸை வைத்தால் சில மாதத்தில் ரப்பர் தடித்து, பின் உள்ளேயே இறுகிவிடும். சிலிகான் கிரீஸோ பிரேக்குக்கென்றே எழுதிய செயற்கை கிரீஸோதான் போட வேண்டும். அதுவும் மெலிதாக.

இந்தப் பின்கள்தான் நம் ஊரில் முதலில் மாட்டுகிற இடம். காலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும் இருக்கிறது. அது உள்பேடை டிஸ்கில் அழுத்த, அதன் எதிர்விசையில் காலிப்பர் பின்னில் வழுக்கி வந்து வெளிப்பேடை இழுத்து அழுத்தும். பின் துருப்பிடித்து நின்றுவிட்டால் உள்பேடு மட்டும் வேலை செய்து தேயும், வெளிப்பேடு புதுசு மாதிரியே இருக்கும். எனவே கழற்றிய இரண்டு பேடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கனத்தில் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேடு மாற்றியது மட்டும் பரிகாரம் ஆகாது. பின்னை வெளியே எடுத்து, பழைய கிரீஸைத் துடைத்து, குழி விழுந்திருந்தால் பின்னையும் ரப்பர் உறையையும் மாற்றுங்கள். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் சில வண்டிகளில் வேறு வேறு, இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொரு இடம், பேடின் முனையில் நீட்டியிருக்கும் காது உட்காரும் கிளிப்பு. கிளிப்பு துருப்பிடிக்காத தகடு, அதற்கு அடியில் இருக்கும் பிராக்கெட்டோ வார்ப்பிரும்பு. உப்பு உள்ளே போய் அந்த வார்ப்பிரும்பு பொருக்குப் பொருக்காகத் துருப்பிடித்துக் கிளிப்பை மேலே தள்ளும், பேடுக்கான இடம் நெருக்கமாகும். புதுப் பேடைச் சுத்தியலால் தட்டி நுழைக்க வேண்டியிருந்தால் காரணம் இதுதான். பேடு தப்பாக வந்துவிட்டது என்று அதன் காதை அரத்தால் ராவுபவர்கள் உண்டு. ராவ வேண்டியது கிளிப்புக்கு அடியில் உள்ள துருவை. பேடு விரலால் தள்ளினால் போய் வர வேண்டும்.

பிஸ்டன் உள்ள போகமாட்டேங்குது. கிளாம்ப் போட்டு நல்லா இறுக்கலாமா?

முதலில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறையை (பூட்) பாருங்கள். அது கிழிந்து பிஸ்டன் ஓரத்தில் துரு வளையம் தெரிந்தால் தள்ளவே வேண்டாம். அந்தத் துரு சீலை அறுத்துக்கொண்டு உள்ளே போகும், அடுத்த வாரம் ஆயில் ஒழுகும். ரிப்பேர் கிட்டோ புதுக் காலிப்பரோ தேவை.

பூட் நன்றாக இருந்தும் போகவில்லையா? காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளில் டியூப் மாட்டி, நுனியைப் பாட்டிலில் விட்டு, நிப்பிளைத் திறந்து தள்ளிப் பாருங்கள். இப்போது எளிதாகப் போனால் கோளாறு ஹோஸில்: உள்ளே ஊதி அடைத்துக்கொண்டிருக்கும். அப்போதும் போகாவிட்டால் பிஸ்டனே பிடித்துவிட்டது. நல்ல பிஸ்டன் பழைய பேடைக் குறுக்கே வைத்துக் கிளாம்பை மெல்ல இறுக்கினாலே போகும். போகும்போது மேலே டப்பாவில் ஆயில் ஏறும். நிரம்பி வழிந்தால் பெயின்ட் உரியும். இடையே மேலே ஒரு கண் வையுங்கள்.

பிரேக் ஆயிலும் மாத்தணுமா? ஏர் எடுக்கணுமா?

ஹோஸையோ நிப்பிளையோ திறக்கவில்லை என்றால் ஏர் எடுக்க, அதாவது ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றத் தேவையில்லை. திறந்திருந்தால் கட்டாயம். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஏனென்றால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 3 ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140. டாட் 4க்கு 230, 155. மூடியில் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதை ஊற்றுங்கள். திறந்து பாதி மிச்சம் வைத்த பழைய பாட்டில் வேண்டாம். டாட் 5 என்பது சிலிகான் வகை, இவற்றோடு கலக்கவே கூடாது.

எல்லாம் மாத்தியாச்சு. மிதிச்சா பெடல் கீழ வரைக்கும் போகுது.

பிஸ்டனை உள்ளே தள்ளியிருக்கிறீர்கள், அது மறுபடி பேடைத் தொட்டு நிற்கும் வரை அப்படித்தான். பாதி தூரம் மட்டும் சிறு சிறு மிதியாகக் கொடுங்கள். பழைய வண்டியில் தரைவரை அழுத்தினால் மிதிக்கும் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் சீல், வழக்கமாக எட்டாத துருப்பகுதிக்குள் போய் அறுபடும். பத்து இருபது மிதியிலும் கெட்டியாகாமல் மெத்தென்று இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. காலிப்பர் கழற்றியிருந்தபோது யாராவது பெடலை மிதித்தார்களா என்றும் விசாரியுங்கள். வீட்டுப் பிள்ளைகளின் கைவரிசையாக இருக்கும்.

புதுப் பேடு டிஸ்கோட இழைஞ்சு செட்டாக எப்படி ஓட்டணும்?

60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15க்கு, நிதானமாக அழுத்திக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். அரைக் கிலோமீட்டர் ஓடவிட்டு மறுபடியும். இப்படி எட்டுப் பத்துத் தடவை, கடைசியில் பிரேக் தொடாமல் சில நிமிஷம் ஓட்டி ஆறவிடுங்கள். மார்த்தாண்டம், வடசேரி நெரிசலில் இது நடக்காது. ஆரல்வாய்மொழி தாண்டிக் காவல்கிணறு போகும் ரோட்டில் விடியற்காலையில், பின்னால் வண்டி இல்லாதபோது செய்யலாம்.

மாத்தி மூணு மாசம் ஒண்ணுமில்ல. இப்ப மிதிச்சா ஸ்டீரிங் ஆடுது. டிஸ்க் வளைஞ்சிட்டா?

வளைவது அபூர்வம். பெரும்பாலும் டிஸ்க் மாட்டிய அன்றே சற்றுச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், காரணம் ஹப்பில் விட்டுவைத்த துரு. ஹப் ஓரத்தில் உள்ள சாய்வு டிஸ்க் ஓரத்துக்குப் போகும்போது கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். மிதிக்காமல் ஓடும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்கின் ஒரே இடம் பேடைத் தொட்டுத் தொட்டுத் தேய்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் ஒரு முடியளவுக்கும் குறைவாகத்தான் மெலியும், ஆனாலும் அந்த வித்தியாசம் ஸ்டீரிங்குக்கு வந்துவிடும். அதனால்தான் உடனே வராமல் மூன்று மாதம் கழித்து வருகிறது.

டயல் கேஜ் வைத்து அசைவை அளந்து 0.1 மி.மீ.க்கு மேல் இருந்தால் டிஸ்கைக் கழற்றி ஹப்பைச் சுத்தம் செய்து, ஒரு ஸ்டட் தள்ளி மாட்டி மறுபடி அளக்கலாம். மெலிந்த இடம் அதனால் சரியாகாது. வீல் நட்டை ஏர் கன் வைத்து ஒரேயடியாக இறுக்கினாலும் இதே கதிதான்.

கீழ்க்கோதையாறு, பாலமோர் பக்கம் போய் இறங்கும்போது பிரேக் பிடிக்கல. பேடு புதுசுலா, பின்ன என்ன?

பெடல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடு சூடேறி வழுக்கியிருக்கிறது. மலிவுப் பேடிலும், மேலே சொன்னபடி செட் ஆக்காத பேடிலும் இது சீக்கிரம் வரும். பெடல் மெத்தென்று உள்ளே போனால் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி விழுந்திருக்கிறது. ஆறியதும் பெடல் திரும்பிவிடும் என்பதால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆயிலை மாற்றாமல் மறுபடி மலை ஏறாதீர்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சின் பிடிக்கட்டும். பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே இருப்பதைவிட, அழுத்தி வேகம் குறைத்துவிட்டு விடுவது நல்லது. கீழே வந்ததும் சூட்டோடு பெடலை அழுத்திக்கொண்டு நிற்கவும் வேண்டாம்.

நான் கல்ஃப்ல. வண்டி வருஷத்துல பத்து மாசம் ஷெட்டுலதான் கெடக்கு. ஓடாத வண்டிக்கு எதுக்கு பேடு மாத்தச் சொல்லுதாங்க?

ஓடாததால்தான். பேடு தொட்டு நின்ற இடத்தில் ஈரம் தங்கி, டிஸ்கில் பேடின் வடிவத்திலேயே துருத் தழும்பு விழும். பேடுக்கும் அதன் தகட்டுக்கும் இடையில் துரு புகுந்து உராயும் பகுதி பெயர்ந்துவிடுவதும் உண்டு. கனம் இருந்தாலும் பெயர்ந்த பேடு ஆகாது. கல்ஃபுக்குத் திரும்புமுன் வண்டியைக் கழுவினால் சில கிலோமீட்டர் ஓட்டிப் பிரேக்கை உலர்த்திவிட்டு நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். போட்டுவிட்டுப் போனால் பின் டிரம்மில், அங்கே பேடின் வேலையைச் செய்யும் ஷூ ஒட்டிக்கொள்ளும். வீட்டில் யாராவது வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் பிரேக் பிடித்து ஓட்டினால் பாதிப் பிரச்சினை வராது.

எனக்க வண்டிக்குப் பின்னாலயும் டிஸ்க். ஹேண்ட்பிரேக் பட்டன்ல. இதே மாதிரி செய்யலாமா?

கூடாது. பட்டன் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டியில் காலிப்பருக்குள் மோட்டார் இருக்கிறது. அதை முதலில் ஸ்கேனராலோ கையேட்டில் சொன்ன முறையாலோ சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாமல் கிளாம்ப் போட்டால் மோட்டார் போய்விடும். லிவர் ஹேண்ட்பிரேக் கொண்ட பின் டிஸ்க் என்றால் பல வண்டிகளில் பிஸ்டனைத் திருகிக்கொண்டே தள்ள வேண்டும், அதற்கான கருவி தனி. பின் சக்கர வேலை செய்யும்போது ஹேண்ட்பிரேக் எடுத்துவிட வேண்டியிருக்கும் என்பதால் கட்டையை முன் சக்கரங்களுக்கு வையுங்கள்.

பழைய பிரேக் ஆயிலத் தென்னை மூட்டுல ஊத்தலாமா?

வேண்டாம். கிணற்றுக்கும் தென்னைக்கும் நம் முற்றத்தில் எவ்வளவு தூரம்? மூடியுள்ள பாட்டிலில், குழந்தைகள் குடிக்கிற தண்ணீர் பாட்டிலாக இல்லாமல் பார்த்து, பெயர் எழுதி ஒர்க்‌ஷாப்பில் கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள். எஞ்சின் ஆயிலோடு கலக்க வேண்டாம். பழைய டிஸ்க் நல்ல வார்ப்பிரும்பு, இரும்புக் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள்.